அழைத்தார்கள், விண்ணப்பித்தார்கள், காத்திருக்கிறார்கள்

1912 பிப்ரவரியில் சென்னை போர்ட் டிரஸ்ட்டின் தலைமைக் கணக்கருக்கு ஒரு வேலை மனு வந்தது. மெட்ரிகுலேஷன் தேறி, எஃப்.ஏ. வரை படித்து, அதற்குமேல் போக முடியாமல் நின்றவர் குமாஸ்தா வேலை கேட்டிருந்தார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய சிபாரிசும் அவரிடம் இருந்தது. மார்ச் முதல் தேதியிலிருந்து மாதம் 30 ரூபாய்க்கு வேலை கிடைத்தது. மனுதாரர் பெயர் எஸ். ராமானுஜன். மறுவருடம் மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை மாதம் 75 ரூபாய் உதவித்தொகையில் ஆராய்ச்சி மாணவராக எடுத்துக்கொண்டது. முதுகலை படித்தவர்களுக்கே அந்த உதவித்தொகை என்பது விதி. ராமானுஜனிடம் இளங்கலைப் பட்டம்கூட இல்லை. ஆனாலும் கொடுத்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு, "அந்தக் காலத்தில் திறமைக்கு மதிப்பிருந்தது" என்று பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. அவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். போர்ட் டிரஸ்ட் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்காகப் பேசினார். வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தபோது ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் கடிதம் வேறு வந்திருந்தது. இத்தனை பேர் சொன்ன பிறகுதான் விதி தளர்ந்தது. இவர்களில் ஒருவரையும் தெரியாத இன்னொரு குமாஸ்தா அதே மேசையில் இருந்திருந்தால், பேரேடு எழுதியே ஓய்வு பெற்றிருப்பார். நமக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

பல்கலைக்கழகங்களுக்கு ஆள் எடுக்கும் முறை மூன்று கட்டமாக மாறியிருக்கிறது. முதலில் தெரிந்தவர்களை அழைத்தார்கள். பிறகு விளம்பரம் செய்து எல்லாரையும் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். இப்போது விளம்பரத்துக்கான விதிகள் எல்லாம் பக்காவாக இருக்கின்றன, விளம்பரம்தான் வருவதில்லை.

1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் முதல் அரை நூற்றாண்டு, தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அலுவலகமாகத்தான் இருந்தது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டித்தான் பல்கலைக்கழகம் தனக்கென்று பேராசிரியர்களை வைத்துக்கொள்ளத் தொடங்கியது. இந்திய வரலாற்றுக்கு எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் வந்தார். பொருளாதாரத்துக்கு இங்கிலாந்திலிருந்து கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். மாணவர்களைச் சொந்த ஊருக்கே அனுப்பிக் கிராமக் கணக்கெடுக்க வைத்தவர் அவர். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஆராய்ச்சித் துறைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. அப்போதும் ஒரு துறை என்றால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசிரியர்கள்தான். ஓர் இடம் காலியானால் அதற்குத் தகுந்தவர் யார் என்பது அந்தச் சின்ன வட்டத்துக்குள் எல்லாருக்கும் தெரியும்.

அந்த முறை உச்சத்தில் எப்படி வேலை செய்தது என்பதற்கு ஜி.என். ராமச்சந்திரனைவிட நல்ல உதாரணம் இல்லை. 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் ஆ. லட்சுமணசாமி முதலியார். இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க ஆள் தேடியபோது சி.வி. ராமன் கைகாட்டியது பெங்களூரிலிருந்த ராமச்சந்திரனை. 1952-ல் பேராசிரியராக, துறைத்தலைவராக அவர் சென்னைக்கு வந்தபோது முப்பது வயது முடியவில்லை. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கி மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. இரண்டே ஆண்டில், 1954-ல், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் என்ற புரதத்தின் மும்மைச் சுருள் அமைப்பை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். ஆய்வுக்கு வேண்டிய கங்காரு வால் தசைநார் அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. 1963-ல் வெளியான ராமச்சந்திரன் வரைபடம் இன்றைக்கும் உலகம் முழுக்கப் புரத ஆய்வாளர்களின் அன்றாடக் கருவி.

இன்றைய விதியில் அவர் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி பேராசிரியராக முனைவர் பட்டம், பத்து ஆண்டு அனுபவம், குறைந்தது பத்து ஆய்வுக் கட்டுரைகள், 120 ஆய்வு மதிப்பெண் வேண்டும். இருபத்தொன்பது வயதில் பத்து ஆண்டு அனுபவத்துக்கு எங்கே போவது? சாதனையாளர்களை எடுக்க வேறொரு வழி இருக்கிறது, ஆனால் அதற்கும் பத்து ஆண்டு அனுபவம் வேண்டும். அதைத் துணிந்து பயன்படுத்தும் துணைவேந்தர் அபூர்வம்.

ஆனால் லட்சுமணசாமி முதலியார் 1969-ல் பதவியை விட்டு இறங்கினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ராமச்சந்திரனும் சென்னையை விட்டு இந்திய அறிவியல் நிறுவனத்துக்குப் போய்விட்டார். ஒரு மனிதரின் பார்வையை நம்பி வந்த ஏற்பாடு அந்த மனிதரோடு முடிந்தது. அழைத்து வேலை கொடுக்கும் முறையின் பலமும் பலவீனமும் இதுதான். அழைப்பவர் லட்சுமணசாமி முதலியாராக இருந்தால் ஒரு ராமச்சந்திரன் கிடைப்பார். அழைப்பவர் வேறு மாதிரி ஆளாக இருந்தால் அவருடைய மருமகன் கிடைப்பார்.

அந்த வட்டத்துக்குள் யார் இருந்தார்கள் என்பதையும் பேசாமல் விடக்கூடாது. பட்டம் பெற்றவர்களிலும் அரசு உத்தியோகத்திலும் ஒரு சாதியினரே நிறைந்திருந்ததை 1916-லேயே பிராமணரல்லாதார் அறிக்கை கணக்குப் போட்டுக் காட்டியது. நீதிக்கட்சி ஆட்சியில் வந்த வகுப்புவாரி ஆணைகள் அதன் தொடர்ச்சி. பெண்களின் நிலை இன்னும் மோசம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் வரலாற்றறிஞர் சி. மீனாட்சி. பல்லவர் கால ஆட்சிமுறையையும் சமுதாய வாழ்வையும் பற்றிய அவருடைய ஆய்வுக்கு 1936-ல் பட்டம் கிடைத்தது. பல்கலைக்கழகமே அதை நூலாகவும் போட்டது. ஆனால் ஆசிரியர் வேலை 1939-ல்தான் அமைந்தது, அதுவும் பெங்களூர் மகாராணி கல்லூரியில். மறுவருடமே அவர் காலமாகிவிட்டார். சென்னையின் அந்தச் சின்ன வட்டத்துக்கு அவரை அழைக்கத் தோன்றவில்லை.

ஆகவே, நாளிதழில் விளம்பரம் போட்டு எல்லாரையும் கூப்பிடும் முறை வந்ததை நான் பெரிய முன்னேற்றமாகத்தான் பார்க்கிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு கல்லூரிகள் பெருகின. 1956-ல் மானியக் குழுச் சட்டம் வந்தது. 1966-ல் மதுரையில் பல்கலைக்கழகம் தொடங்கி, தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் முதல் துணைவேந்தரானார். சில ஆண்டுகள் கழித்து அதே நாற்காலியில் மு. வரதராசன் உட்கார்ந்தார். திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர். அப்பா ராமன் சிஷ்யரா, மாமா சிண்டிகேட் உறுப்பினரா என்று பார்க்காமல் மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் பார்த்து வேலை கொடுத்த காலம் அதன் பின்னால் வந்தது. தங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவர்கள் விரிவுரையாளர்களானது அப்போதுதான்.

அந்த விண்ணப்பம் போடுவதே தனிச் சடங்கு. விளம்பரத்தைக் கத்தரித்து சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். சொந்த முகவரி எழுதி தபால்தலை ஒட்டிய உறையை அனுப்பி விண்ணப்பப் படிவம் வாங்க வேண்டும். பதிவாளர் பெயருக்கு டிடி எடுக்க வங்கியில் அரை நாள் நிற்க வேண்டும். தேர்வுக்குழுவில் எத்தனை பேரோ அத்தனை பிரதி கேட்பார்கள். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம். ஒவ்வொரு பிரதியிலும் கெஜட்டட் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து வேண்டும். தெரிந்த தாசில்தாரோ அரசு டாக்டரோ இல்லாதவர்கள் கையெழுத்துக்காக ஊர் ஊராக அலைந்தார்கள். 2014 வாக்கில் சுயசான்றொப்பம் போதும் என்று வந்தது. அரசாங்கம் செய்த சின்னச் சின்ன நல்ல காரியங்களில் எனக்குப் பிடித்தது அது. கடைசியில் பதிவுத் தபால், ஒப்புகை அட்டை. அந்த அட்டை கையெழுத்தோடு திரும்பி வரும்வரை தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பதிவுத் தபாலே 2025-ல் விரைவு அஞ்சலோடு கலந்து மறைந்துவிட்டது.

அலுவலக வேலைகளுக்கு வழி வேறு. இளநிலை உதவியாளர், தட்டச்சர், ஆய்வக உதவியாளர், நூலக உதவியாளர், அலுவலக உதவியாளர், தோட்டக்காரர், காவலர் எல்லாரும் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வழியாகத்தான் வந்தார்கள். பத்தாம் வகுப்பு முடித்ததும் பதிவு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல். ஒருமுறை மறந்தால் சீனியாரிட்டி போச்சு. தட்டச்சில் ஹையர் முடித்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து இன்டர்வியூ கார்டு வந்தவர்களைத் தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். அதற்குள் கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும். வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிற்காமல் நாளிதழிலும் அறிவித்து எல்லாருக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் மூப்பை நம்பிக் காத்திருந்தவர்களுக்கு அது இடி.

பழைய அறிவியல் துறைகளில் கண்ணாடி ஊதுபவர் என்று ஒரு பதவி இருந்தது. ஆய்வகத்துக்கு வேண்டிய குழாய்களையும் குடுவைகளையும் நெருப்பில் காட்டி ஊதி வளைத்துக் கொடுப்பார். ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர் பெயர் வராது. அவர் இல்லாமல் கட்டுரையும் வராது. அவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்புவதில்லை, சாமானைக் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். வாங்குவதற்கு மூன்று விலைப்புள்ளி, ஒரு கோப்பு, இரண்டு மாதம்.

ஆசிரியர் வேலைக்கு வருவோம். 1989-ல் தேசியத் தகுதித் தேர்வு வந்தது. நெட், பிறகு மாநில அளவில் ஸ்லெட், செட். பிறகு எம்.ஃபில். போதும் என்றார்கள், போதாது என்றார்கள். இப்போது அந்தப் படிப்பையே எடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியருக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018-ல் விதி செய்து, 2021 ஜூலையில் அமல் என்று சொல்லி, 2023-க்குத் தள்ளி, அந்த நாளும் வந்தபோது கட்டாயமில்லை, நெட் போதும் என்று மாற்றினார்கள். அந்தத் தேதியை நம்பி அவசர அவசரமாக ஆய்வேட்டை முடித்தவர்களிடம் கேட்டால் தெரியும், விதியை அடிக்கடி மாற்றுவதன் விலை என்ன என்று.

எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நியாயம் என்று நம்பித்தான் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் வைத்தார்கள். இளங்கலைக்கு இவ்வளவு, முதுகலைக்கு இவ்வளவு, முனைவர் பட்டத்துக்கு இவ்வளவு, ஒரு கட்டுரைக்கு இரண்டு, அனுபவத்தில் ஓர் ஆண்டுக்கு இரண்டு. கட்டுரைக்கு மதிப்பெண் என்றதும் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் ஆய்விதழ்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. அவற்றை வடிகட்ட மானியக் குழு ஒரு பட்டியல் போட்டது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையும் கைவிட்டது. இத்தனை கூட்டல் கழித்தலுக்கும் பிறகு ஒரு வேடிக்கை உண்டு. அந்த மதிப்பெண்ணெல்லாம் நேர்காணலுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதற்குத்தான். கூப்பிட்ட பிறகு உதவிப் பேராசிரியர் தேர்வு முழுக்க முழுக்க நேர்காணலை வைத்துத்தான் என்று அதே ஒழுங்குமுறை சொல்கிறது. வருடக் கணக்கில் சேர்த்த மதிப்பெண், கதவைத் தாண்டி உள்ளே போனதும் செல்லாக்காசு.

கதவுக்கு உள்ளே துணைவேந்தர், வெளியிலிருந்து மூன்று பாட வல்லுநர்கள், வேந்தரின் நியமன உறுப்பினர், துறைத்தலைவர் என்று ஒரு குழு உட்கார்ந்திருக்கும். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் இந்த மாநிலத்தில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு 'ரேட்' என்ன என்று டீக்கடையில்கூடப் பேசிக்கொள்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது? 2018 பிப்ரவரியில் கோவையில் பதவியிலிருந்த ஒரு துணைவேந்தரையே, உதவிப் பேராசிரியர் பணிக்கு லஞ்சம் வாங்கியதாக லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. நேர்மையாகத் தேர்வானவர்களும் அதிலிருந்து தலைகுனிந்து நடக்க வேண்டியதாயிற்று. எவ்வளவு கொடுத்தாய் என்று உறவினர்கள் கேட்பார்கள். ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் நம்ப மாட்டார்கள்.

வடக்கே 2017-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம், இடஒதுக்கீட்டைப் பல்கலைக்கழகம் முழுவதற்குமாகக் கணக்கிடாமல் துறை துறையாகக் கணக்கிட வேண்டும் என்றது. இரண்டு மூன்று ஆசிரியர்களே உள்ள துறையில் பட்டியல் இனத்தவரின் முறை எப்போது வரும்? வரவே வராது. 2019-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத்தான் மத்தியப் பல்கலைக்கழகங்களில் பழைய கணக்கு திரும்பியது. இடையிலிருந்த காலத்தில் விளம்பரங்கள் நின்றுபோனதும், வயதும் ஆர்வமும் கடந்து போனதும் எந்தத் தீர்ப்பிலும் வராத சேதம்.

இப்போது படிவம் முழுக்க இணையத்தில். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பொதுவாக 2023 மே மாதம் 'சியு-சயன்' என்று ஒரு தளம் திறந்தார்கள். திருவாரூரிலிருந்தபடியே தேஸ்பூருக்கு விண்ணப்பிக்கலாம். ஐஐடிகள் பலவற்றில் ஆண்டு முழுக்க விண்ணப்பம் வாங்குகிறார்கள். ஆய்வுத் திட்டம், கற்பித்தல் பற்றிய குறிப்பு, பரிந்துரைப்பவர்களின் பெயர்கள், பிறகு துறையில் ஒரு கருத்தரங்கு உரை. அழைத்த காலத்தின் நல்ல அம்சம் ஒன்று அங்கே விளம்பர முறையோடு சேர்ந்திருக்கிறது: ஆள் என்ன செய்திருக்கிறார் என்பதை அதே துறைக்காரர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். இடஒதுக்கீட்டில் அந்த நிறுவனங்கள் காட்டிய சுணக்கம் தனிக்கதை.

மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு வந்தால் தளமும் இல்லை, தபாலும் இல்லை. ஓய்வு பெற்றவரின் இடம் அப்படியே கிடக்கிறது. நிதி இல்லை என்பது ஒரு காரணம். ஊதியமும் ஓய்வூதியமும் கொடுக்கவே திண்டாடும் பல்கலைக்கழகம் புதிய ஆளை எப்படி எடுக்கும்? இதற்கு நேரெதிராகத் தேவைக்கு மேல் ஆளெடுத்துத் தவித்த கதை சிதம்பரத்தில் உண்டு. நிதி நெருக்கடியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசே ஏற்க வேண்டி வந்தது. உபரி ஆசிரியர்களையும் ஊழியர்களையும் அரசுக் கல்லூரிகளுக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். அன்று முதல் நிதித்துறையைப் பொறுத்தவரை 'புதிய பணியிடம்' என்பது கெட்ட வார்த்தை.

இன்னொரு காரணம் விசித்திரமானது. தேர்வுக்குழுவுக்குத் துணைவேந்தர்தான் தலைவர். துணைவேந்தரே இல்லாவிட்டால்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்ட்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரைத் தேடும் குழுவில் மானியக் குழுவின் பிரதிநிதி இருக்க வேண்டும் என்று ஆளுநர் சொல்ல, வேண்டியதில்லை என்று அரசு சொல்ல, தேடலே நின்றது. வேறு பல்கலைக்கழகங்களிலும் இதே கதை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால், துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்றும் சட்டத்திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. மே மாதமே சென்னை உயர் நீதிமன்றம் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இரு தரப்புக்கும் வாதங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழக நியமனத்தில் மாநில உரிமை முக்கியம் என்பதே என் கட்சி. ஆனால் உரிமைச் சண்டை நடக்கும்போது ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறது என்பதை இரு தரப்பும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் வகுப்பு எடுப்பது யார்? கௌரவ விரிவுரையாளர். 'கௌரவ' என்ற சொல்லை நம் அரசாங்கத்தைப் போல் யாரும் இவ்வளவு மலிவாகப் பயன்படுத்தியதில்லை. மானியக் குழு 2019-ல் சொன்னது ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை. தமிழ்நாட்டின் அரசு கலைக் கல்லூரிகளில் அவர்கள் வாங்குவது 25,000. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மட்டும் 57,700. இதைவிடக் கசப்பான கணக்கு ஒன்று உண்டு. நெட் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வென்ற மாணவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போது கிடைத்த பணம், பட்டம் வாங்கி ஆசிரியரானதும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

நிரந்தர இடங்களுக்கு அறிவிப்பே வருவதில்லையா என்றால், வருகிறது. அரசு கலைக் கல்லூரிகளில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்தது. உச்ச வயது 57. அந்த ஓர் எண்ணே போதும், எத்தனை காலம் ஆள் எடுக்காமல் இருந்திருக்கிறார்கள் என்று சொல்ல. ஆகஸ்ட் 4-ஆம் தேதி எழுத்துத் தேர்வு என்றார்கள். அதுவும் தள்ளிப்போனது.

அலுவலகப் பக்கத்தில் துப்புரவும் காவலும் ஒப்பந்த நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டன. தொகுப்பூதியத்தில் எழுத்தர், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் ஆய்வக உதவியாளர், தினக்கூலியில் பத்துப் பதினைந்து ஆண்டு ஓட்டியவர் என்று ஒரு பெரிய கூட்டம் தேர்வுத்தாள் கட்டுகளையும் சம்பளப் பட்டியலையும் கவனித்துக்கொண்டிருக்கிறது. முறையான தேர்வில் வராதவர்கள் எத்தனை ஆண்டு வேலை செய்திருந்தாலும் நிரந்தரம் கேட்கும் உரிமை கிடையாது என்று 2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புறவாசல் நியமனத்தைத் தடுக்க வந்த தீர்ப்பு அது. முன்வாசலைத் திறக்கவே மாட்டோம் என்பவர்களுக்கு அதுவே வசதியாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாளிதழைப் பிரித்தால் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் 'வாக்-இன்' விளம்பரம் மட்டும் தவறாமல் இருக்கும். முனைவர் பட்டம், ஸ்கோபஸ் கட்டுரை, மேற்கோள் எண்ணிக்கை எல்லாம் கேட்பார்கள். சம்பளம் மட்டும் 'தகுதிக்கேற்ப'. தரவரிசைக்குக் கணக்குக் காட்ட ஆள் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். 2024-ல் பொறியியல் கல்லூரிகளில் ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகளின் கணக்கில் காட்டியது வெளியே வந்தபோது, இப்படியும் ஆள் 'எடுக்கலாம்' என்று ஊர் தெரிந்துகொண்டது.

வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. மாநிலப் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. உங்கள் துறையில் அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, கடைசியாக எப்போது விளம்பரம் வந்தது, இனச்சுழற்சியில் அடுத்த முறை யாருடையது என்று கேளுங்கள். நேர்காணலுக்குப் போய்த் திரும்பியவர்கள், குழு தங்களுக்குக் கொடுத்த மதிப்பெண்ணைக் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.